அரை அடிக்கு அரை அடி

ஒரு ஆட்டுத் தோலை மேசையில் விரித்துப் போட்டால் போதும், அது எத்தனை அடி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். நாலேகால் என்பேன். தோல் அளக்கிற மெஷினில் விட்டு எடுத்தால் நாலேகால் என்றுதான் வரும். எப்போதாவது கால் அடி முன்னே பின்னே போகும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. திண்டுக்கல்லில் ஒரு தோல் குடோனில், பதப்படுத்தி வந்த தோல்களை ரகம் பிரித்து அடுக்குவது என் வேலை. இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது?

எங்கள் குடோனில் அடி என்றால் தோலின் அடி. அது நீளமும் இல்லை, அகலமும் இல்லை. மொத்தத் தோலும் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்கிற கணக்கு. அதற்குச் சதுர அடி என்று பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுமனை விற்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் சதுரம் என்ற சொல்லைக் குடோனில் யாரும் வாயில் எடுப்பதில்லை. கழுத்தும் காலும் வாலுமாக நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு கிடக்கிற தோலைப் பார்த்து யாருக்குச் சதுரம் ஞாபகம் வரும்? வெறும் அடிதான். அந்த வெறும் அடியால்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அரையாண்டுப் பரீட்சை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது. நாகல் நகர் வீட்டில் நான் சாயங்கால டீயோடு உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகள் பையைக்கூட இறக்கி வைக்காமல் எதிரே வந்து நின்றாள்.

“அத்தா, வீட்டுல கெடக்குற பொருளை வச்சு எதாச்சும் நாமளே செய்யணுமாம். செஞ்சிட்டு, அதுல என்ன கணக்கு இருக்கு, என்ன அறிவியல் இருக்குன்னு சார்ட்ல எழுதணுமாம்.”

“செய்யி. அதுக்கு என்ன?”

“நல்லா இருக்குற மூணை மட்டும் எடுத்து ஒட்டன்சத்திரத்துல கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வேன்ல.”

அந்த வேன் என்கிற சொல்லை அவள் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. என் மகள் எதற்கும் தேர்வாகிறவள் இல்லை. ஓட்டப் பந்தயத்தில் நாலாவதாக வருவாள். பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு, மேடை ஏறியதும் இருமல் பிடித்து இறங்கி வந்தவள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் போய்விட்டு வந்து கதை கதையாகச் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பதே அவளுக்கு வாய்த்திருந்தது. இந்த முறை, ஒன்றும் செய்யத் தொடங்குவதற்கு முன்னாலேயே, ஜன்னலோரம் தனக்குத்தான் என்று தோழியிடம் சொல்லி வைத்துவிட்டாளாம். அம்புட்டு ஆசை.

என்ன செய்வது என்பதையும் அவளே யோசித்து வைத்திருந்தாள். எல்லாரும் அட்டையிலும் தெர்மாகோலிலும் செய்வார்கள். நாம் தோலில் ஒரு பெட்டி செய்யலாம் என்றாள். ஆறு பக்கமும் ஒரே அளவு. உள்ளே அட்டை, மேலே தோல். எவ்வளவு தோல் பிடிக்கிறது என்பது கணக்கு. தோலின் வழவழப்பான பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், சொரசொரப்பான பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, எது முதலில் ஊறுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது அறிவியல். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. முதல் தடவையாகப் பள்ளிக்கூட விஷயம் ஒன்று என் தொழிலுக்குள் வந்திருக்கிறது.

“ஒரு பக்கம் எம்புட்டு?” என்று கேட்டேன்.

“அரை அடிக்கு அரை அடி, அத்தா.”

“ஆறு பக்கம். பக்கத்துக்கு அரை அடி. மூணு அடி தோல் வேணும். எழுது.”

அவள் பென்சிலை எடுத்தாள். நான்தான், பென்சில் எதற்கு, நல்லாப் பளிச்சென்று தெரியும்படி எழுது என்று சொல்லி, சார்ட்டில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுத வைத்தேன். ‘தேவைப்பட்ட தோலின் பரப்பளவு: 3 சதுர அடி.’ அதன் கீழே ஒரு கோடும் போடச் சொன்னேன்.

மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். பிள்ளையின் படிப்புக்கு என்றதும், நடுவில் ஓட்டை விழுந்து கழித்துப் போட்டிருந்த ஒரு சின்னத் தோலை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கண்ணால் பார்த்தேன், மூணு. மெஷினில் விட்டேன், மூணு. ஒரு நூல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். என் மனைவி மைதாவில் பசை காய்ச்சினாள். மகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். மடித்து ஒட்டுவதற்குச் சுற்றிலும் கால் இஞ்ச் கூட விட்டு வெட்டச் சொன்னது என் மனைவிதான். ஜாக்கெட் தைக்கிற கை. நான் கத்தரியைப் பிடித்தேன். இருபது வருஷம் தோலோடு புழங்கியவனாக இருந்தாலும், தோலை வெட்டுவது என் வேலை இல்லை. முழுத் தோலைப் பார்ப்பதும் தடவுவதும் அடுக்குவதும்தான். ஓட்டையை விட்டு, கழுத்துப் பக்கத்தை விட்டு, ஒவ்வொன்றாக ஆறு துண்டு வெட்டி முடித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால், மிச்சத் தோல் காலுக்குக் கீழே பரந்து கிடக்கிறது.

துண்டுகளை எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறேதான்.

“என்னங்க, ஆறு துண்டு வெட்டியும் பாதி ஆடு அப்படியே கெடக்கு?” என்றாள் என் மனைவி. “இன்னும் செத்த நேரம் விட்டா எந்திரிச்சு மேயப் போயிரும் போல.”

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூணு அடி தோல், மூணு அடிக்கு வேலை. மிச்சமில்லாமல் சரியாகப் போயிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், ஓட்டையும் கழுத்தும் போக, கொஞ்சம் பற்றாமல் போய்விடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். இது என்ன கூத்து? அளந்து வெட்டிய துண்டு ஒவ்வொன்றையும் ஸ்கேலால் அளந்தேன். அளவு சரி. தோலை நீவிப் பார்த்தேன். தோல் இழுத்தால் கொஞ்சம் நீளும்தான். ஆனால் இரண்டு மடங்காகவா நீளும்?

பெட்டி என்னவோ அருமையாக வந்தது. மூலை ஒவ்வொன்றும் கத்தி மாதிரி இருந்தது. மகள் அதை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் இருந்த வெஞ்சனத்தைத் தொடாமல், மிச்சத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அந்த மிச்சத்தைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் குடோனுக்குக் கொண்டுபோனேன். மெஷின் ஓட்டுகிறவர் வடமதுரைக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். துண்டு துணுக்குகளை ஒவ்வொன்றாக மெஷினில் விடச் சொன்னேன். எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் என்றது. அப்படியானால் ஆறு துண்டுக்கும் சேர்த்துப் போனது வெறும் ஒன்றேமுக்கால்தானா?

“மெஷின்ல எதோ கோளாறு,” என்றேன்.

“என்ன பாய், மெஷினுக்குப் பரீட்சை வைக்கிறீங்களா?” என்றவர், மேசையில் கிடந்த ஒரு முழுத் தோலைக் காட்டினார். “இது எம்புட்டு, சொல்லுங்க.”

“நாலரை.”

மெஷினில் விட்டார். நாலரை. என் கண்ணும் சரி, மெஷினும் சரி. பின்னே எதுதான் தப்பு? அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலு மணிக்கு அவரே வாங்கி வந்து வைத்த டீயையும் ஆற விட்டேன். அவர் பாவம், என்ன செய்தார்? ஆனால் எனக்குக் கோபம் வந்தால் எதிரே யார் இருக்கிறார்களோ அவர்கள் மேல்தான் விழும். இது என் வீட்டுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் மெஷினைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். மகள் ஒருமுறை நோட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். “என்ன?” என்று திரும்பினேன். “ஒண்ணும் இல்லத்தா,” என்று போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள், பெட்டியோடு பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். பச்சை எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: ‘சரிபார்க்கவும். 6 × ¼ = 1½.’ வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மெஷின் ஒன்றேமுக்கால் என்கிறது. டீச்சர் ஒன்றரை என்கிறார். நான் மூணு என்கிறேன். எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. தோலைப் பற்றி எனக்கு இன்னொருத்தர் சிவப்பு மையில் எழுதக் கூடாது.

மறுநாள் காலையில் குடோனுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மகளையும் சார்ட்டையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழி நெடுக அவள், “வேணாத்தா, நானே திருத்திக் குடுத்துர்றேன்,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். “நீ சும்மா இரு,” என்றேன்.

டீச்சர் கன்னிவாடியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். என் தங்கச்சி வயதுதான் இருக்கும். வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க சார்,” என்றார். நான் உட்காரவில்லை.

“டீச்சர், நான் தோல்லயே இருக்குற ஆளு. பக்கத்துக்கு அரை அடின்னா ஆறு பக்கத்துக்கு மூணு அடி. இதுல என்ன தப்பு?”

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். “ஒரு பக்கத்தோட நீளம் அரை அடி சார். அகலமும் அரை அடி. ரெண்டையும் பெருக்கணும். அரையை அரையால பெருக்கினா கால். கால் சதுர அடி.”

“பெருக்குறதுன்னா என்ன டீச்சர்? பெருகணும்ல? பெருக்கப் பெருக்கக் குறைஞ்சா அதுக்குப் பேரு பெருக்கலா?”

பின் பெஞ்சில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அது தொற்றிக்கொண்டு வகுப்பே சிரித்தது. நாற்பது பிள்ளைகள். டீச்சர் திரும்பி ஒரு அதட்டல் போட்டு அடக்கினார். என் காது இரண்டும் சுட்டது. நான் நியாயமாகத்தானே கேட்டேன்? பேரே பெருக்கல் என்று வைத்துவிட்டு, இருந்ததைக் குறைத்துக் கையில் கொடுத்தால் எவன் ஒத்துக்கொள்வான்?

“நான் ஒண்ணும் படிக்காத முட்டாள் இல்ல டீச்சர். எங்க வந்து வேணும்னாலும் சொல்லுவேன். மூணு அடி.”

டீச்சர் என் மகளைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. கூட்டிப் பாத்து, பெருக்கிப் பாத்து, நீயே சொல்லு. எது சரி?”

அவள் வாசலுக்கும் போர்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “அத்தா சொன்னதுதான் டீச்சர் சரி,” என்றாள்.

டீச்சர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். “சரிம்மா. அப்ப அப்படியே இருக்கட்டும்,” என்று சார்ட்டைச் சுருட்டி மேசையில் வைத்தார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் வெளியே வந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் மகளுக்குப் பிடிக்கும் என்று பன்னீர் திராட்சை அரைக் கிலோ வாங்கினேன். அவள் நாலு பழம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வீட்டுப்பாடம் இருக்கிறது என்று எழுந்து போனாள். பிள்ளை களைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது பெட்டி வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது. மூன்று பேர் பெயரை எழுதியாகிவிட்டது, இவள் பெயர் அதில் இல்லை என்று மனைவி சொன்னாள். டீச்சர் என் மேல் இருந்த கோபத்தைப் பிள்ளை மேல் காட்டிவிட்டார் என்று குதித்தேன்.  மகள், “விடுங்கத்தா, தெர்மாகோல்ல ஒருத்தி காத்தாடி செஞ்சிருந்தா, நல்லா இருந்துச்சு,” என்றாள்.

ஆனால் அந்த மிச்சத் தோல் என்னைத் தூங்க விடாத குறைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சாக்பீஸைத் தேடி எடுத்தேன். டீச்சர் செய்தது அநியாயம் என்று என் மனைவிக்காவது நிரூபித்தாக வேண்டும். கூடத்தின் நடுவில் ஸ்கேலை வைத்து, ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு கட்டம் போட்டேன்.

“இங்க பாரு. இது ஒரு அடி தோலுன்னு வச்சுக்க. இது மேல பெட்டியை வச்சா, சரியாப் பாதியை மறைக்கணும். மறைக்குதா இல்லையான்னு நீயே பாரு.”

பெட்டியைத் தூக்கிக் கட்டத்துக்குள் வைத்தேன்.

அது ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

பக்கத்தில் அதே அளவுக்கு இடம் இருந்தது. சரி, அது பாதி. ஆனால் கீழேயும் இடம் இருந்தது. கீழேயும் பக்கத்திலேயும் இருந்தது. பெட்டியை நகர்த்தி அடுத்த மூலைக்கு வைத்தேன். அப்புறம் கீழ் மூலைக்கு. அப்புறம் கடைசி மூலைக்கு. நாலு தடவை. மறுபடி முதலிலிருந்து வைத்தேன். அப்போதும் நாலுதான். ஒரு அடிக்குள் நாலு பெட்டி உட்காருகிறது என்றால், ஒன்று கால் அடி. ஆறு கால், ஒன்றரை. மடித்து ஒட்டிய ஓரத்துக்குக் கால் அடி. ஒன்றேமுக்கால். மெஷின் சொன்ன அதே ஒன்றேமுக்கால்.

நீளத்தில் பாதி, அகலத்திலும் பாதி. பாதியில் பாதி. நான் ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விழுங்கிவிட்டேன். இருபது வருஷமாக அரை அடி அரை அடி என்று சொன்னபோதெல்லாம் நான் சொன்ன அரை வேறு, பிள்ளை சொன்ன அரை வேறு.  வகுப்பில் நின்று, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், என்ன பேச்சுப் பேசிவிட்டு வந்தேன்!

“கோட்டை அழிச்சிரவா? கூடத்தைப் பெருக்கணும்,” என்றாள் என் மனைவி, துடைப்பத்தோடு நின்றுகொண்டு.

“செத்த நேரம் இரு,” என்றேன்.

மகள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை ஒவ்வொரு மூலையாக வைத்ததை எல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கூப்பிட்டேன். வந்து கட்டத்துக்கு வெளியே உட்கார்ந்தாள்.

“அத்தா சொன்னது தப்பு புள்ள. டீச்சர் சொன்னதுதான் சரி. ஒரு பக்கம் கால் அடிதான்.”

“தெரியும்த்தா.”

“எப்பத் தெரியும்?”

“மிச்சம் விழுந்தப்பவே சந்தேகமா இருந்துச்சு. அன்னைக்கே கட்டம் போட்ட நோட்டுல வரைஞ்சு பாத்தேன். மறுநாள் சொல்லலாம்னு வந்தேன். நீங்க மெஷினைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க.”

 தெரிந்த பிள்ளை, சரியான விடையை நோட்டில் வைத்திருந்த பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாளைக் காலையில் அந்த வேனில் உட்கார்ந்திருக்க வேண்டியவள்.

“பெறகு ஏன் டீச்சர் கேட்டப்ப அப்படிச் சொன்ன?”

அவள் விரலில் ஒட்டியிருந்த கீரையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

“எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க தனியா நின்னீங்கள்ல.”

என் மனைவி துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. பெருமையா, வெட்கமா, பிள்ளையை இப்படிச் செய்ய வைத்துவிட்டோமே என்ற வயிற்றெரிச்சலா, ஒன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போதே டீச்சரிடம் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “பேரு குடுத்தாச்சுத்தா. நாளைக்கு வேன்,” என்றாள், எனக்குச் சமாதானம் சொல்வதுபோல.

“இனிமே அப்படிச் செய்யாத,” என்றேன். “நான் தப்புன்னா தப்புன்னு சொல்லு. எம்புட்டுப் பேரு நின்னாலும் சொல்லு.”

“கோவிச்சுக்க மாட்டீங்களா?”

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. இந்தப் பிள்ளையிடம் இனி ஒரு தப்பான விடையைச் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

“கோவிப்பேன்,” என்றேன். “கோவிச்சாலும் நீ சொல்லு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள், நான் சொல்வது நிஜந்தானா என்று அளக்கிற மாதிரி. பிறகு எழுந்து கீரை உருவப் போய்விட்டாள்.